இரண்டு நிமிஷம் காத்திருக்கும் ஃப்ரிட்ஜ்

நாம் பாட்டுக்கு சுவிட்சைப் போட்டுக்கொண்டே இருப்போம். அதற்கு ஈடாக மின்சாரம் தயாரிப்பது மின்வாரியத்தின் தலைவலி. முடியாவிட்டால் ஏரியாவையே இருட்டாக்கிவிடுவார்கள். இதுதானே நமக்குத் தெரிந்த கரண்ட்?

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தவர் ஃப்ரெட் ஷ்வெப்பி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். உற்பத்தி மட்டும்தான் தேவையின் பின்னால் ஓட வேண்டுமா, தேவையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடாதா என்று 1970களின் கடைசியில் கேட்டார்.

அவர் பிடித்த நுனி, அதிர்வெண். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. உற்பத்தியைவிடத் தேவை கூடினால் ஜெனரேட்டர்களின் வேகம் குறையும், அதிர்வெண் இறங்கும். மின்நிலையத்தில் மட்டுமல்ல, அந்த கிரிட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டு ப்ளக்கிலும் இறங்கும். அதாவது "நான் திணறுகிறேன்" என்று கிரிட் சொல்வது ஏற்கனவே நம் சமையலறை வரை வந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான் :-)

கேட்பதற்கு ஒரு கருவியை யோசித்தார் ஷ்வெப்பி. 1979ல் விண்ணப்பித்து 1982ல் காப்புரிமை கிடைத்தது. அதிர்வெண் இறங்கினால் வாட்டர் ஹீட்டர், ஏசி போன்றவற்றைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும். லைட்டை நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் இரண்டு நிமிஷம் ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் பாலுக்குக்கூடத் தெரியாது! வெளியே வெயிலோ குளிரோ, நம் உடம்பு தன் சூட்டைத் தானே சரிசெய்துகொள்கிறதே, அந்த உடலியல் வார்த்தையையே எடுத்து 1980 கட்டுரையில் 'ஹோமியோஸ்டேடிக்' கட்டுப்பாடு என்று பெயர் வைத்தார்கள், அவரும் அவருடைய சகாக்களும்.

யோசனையின் இன்னொரு பாதி விலை. நேரத்துக்கு நேரம் மாறும் மின்விலை பற்றிய அவர்களுடைய புத்தகம் 1988ல் வந்தது. அதே வருஷம் ஷ்வெப்பி காலமானார். மொத்தவிலை மின்சந்தைகள் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டன. ஃப்ரிட்ஜ் பாதி தூங்கிப்போனது. லட்சக்கணக்கான வீட்டுச் சாமான்களை நம்புவதைவிட, கையில் இருக்கும் பத்து ஜெனரேட்டர்களை நம்புவது எஞ்சினியர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

2006-07ல் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் அதை நிஜ வீடுகளில் சோதித்தது. வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களில் 150 துணி உலர்த்தும் இயந்திரங்கள், 50 வாட்டர் ஹீட்டர்கள். அதிர்வெண் 59.95க்குக் கீழே போனதும் சூடாக்கும் கம்பி மட்டும் அணையும், டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்நூறு தடவைக்கு மேல் இப்படி நடந்தது. வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. அதிர்வெண்ணோடு விலையைக் கட்டும் முறை இந்தியாவுக்கும் வந்தது, தென்மண்டலத்தில் 2003 ஜனவரி 1 முதல். ஒரு மாநிலம் தன் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தால், 50.5 ஹெர்ட்ஸில் அதற்கு விலை பூஜ்யமாக இருந்தது. 49ஐ நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போனது. அடிக்கடி 49க்கும் கீழே தவழ்ந்த தென்மண்டல கிரிட் இதனால் நிஜமாகவே நிமிர்ந்தது.

ஆனால் அந்த விலை தெரிந்தது மின்வாரியங்களுக்கு மட்டும்தான். அவர்கள் கையில் இருந்ததோ ஃபீடர் சுவிட்ச். அதை அணைத்தால் கிரைண்டரும் போகும், பரீட்சைக்குப் படிக்கிறவன் லைட்டும் போகும். ஷ்வெப்பி நிறுத்தச் சொன்னது ஃப்ரிட்ஜை, அதுவும் இரண்டு நிமிஷம். நம் தெருவில் நின்றது எல்லாமே, அதுவும் மணிக்கணக்கில்.