திரைப்படத் தலைப்பு யாரை நோக்கியது?

ஒரு திரைப்படம் தான் பிறந்த பாஷையின் எல்லையைக் கடந்து வேற்று மொழியாரிடம் செல்லுங்கால் அதன் பெயர் மாறுவதற்குக் காரணம் மொழிபெயர்ப்பின் அவசியமே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இந்த அபிப்பிராயம் முற்றும் தவறென்று சொல்வதற்கில்லை. எனினும், 1948-இல் ஜெமினியார் வெளியிட்ட ‘சந்திரலேகா’ தமிழிலும் ஹிந்தியிலும் ஒரே பெயருடன் ஓடியதையும், தமிழிலிருந்து தமிழுக்கே சில படங்கள் பெயர் மாறியதையும் அது விளக்குவதில்லை. தலைப்பு என்பது படத்தை வருணிப்பதற்காக ஏற்பட்டதன்று. அதைப் படிக்கப்போகிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்னும் இரண்டு அனுமானங்களின்மேல் கட்டப்படுவது என்பதே என் கட்சி.

மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’ (2000) தெலுங்கில் ‘சகி’ ஆயிற்று. ஊத்துக்காடு வேங்கடகவியின் கானடா ராகக் கீர்த்தனையைக் கச்சேரிகளில் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒரு சொல்லே போதும். அப்பழக்கத்தை எதிர்பார்க்க முடியாத ஊரில் அச்சொல்லைப் பெயர்த்து வைப்பதால் பயனில்லை என்று கண்டே, பெயர்க்காமல் வேறொன்றை வைத்தார்கள். அதே இயக்குநரின் ‘தளபதி’ (1991) தெலுங்கில் பெயர் மாறவில்லை. எழுத்து மட்டும் மாறிற்று. தமிழ் எழுத்தில் தகரம் ஒன்றே ஆகையால் மறைந்து நின்ற வடமொழி ஒலியைத் தெலுங்கு லிபி மீட்டுக்கொண்டது. 

இதைவிட ரசமான திருஷ்டாந்தம் ‘முத்து’. 1995-இல் இங்கே வெளியான அப்படத்துக்கு வெறும் ஆட்பெயரே போதுமாயிருந்தது; ரஜினிகாந்தின் உருவம் மற்றதைச் சொல்லிவிடும். 1998-இல் அது ஜப்பான் சென்றபோது அப்பெயரும் அவ்வுருவமும் அங்கே ஒன்றையும் உணர்த்தமாட்டா ஆதலின், ‘முத்து: நடனமாடும் மகாராஜா’ என்று நீட்டினார்கள். குதிரை வண்டியோட்டியாகிய வேலைக்காரனே ஜமீனின் உண்மையான வாரிசு என்பதைப் பிற்பாதி வரையில் ஒளித்து வைத்திருக்கும் கதை அது. அவ்வாரிசுரிமையின் ஜாடையைத் தலைப்பிலேயே போட்டுடைத்துவிட்டார்களே என்று நம்மவர் அங்கலாய்க்கலாம். ஆயினும், கதாநாயகனையே முன்பின் அறியாதவரைக் கொட்டகைக்குள் அழைக்க வேண்டியவருக்குக் கதையின் ரகசியம் ஒரு பொருட்டாகாது.

இதுவரை கூறியவை சாமானிய ரசிகரை நோக்கியவை. தலைப்பைப் படிப்பவர் ரசிகர் மட்டுமல்லர் என்பதை 2006-ஆம் ஆண்டு தெளிவாக்கிற்று. தமிழில் பெயரிடப்படும் படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து முழு விலக்கு அளிப்பதென அவ்வாண்டு மு. கருணாநிதியின் அரசாங்கம் தீர்மானித்ததும், ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’ தன் ஆங்கில முன்னொட்டை உதறிற்று. ‘ஜில்லுனு ஒரு காதல்’ ஒரு வடவெழுத்தைக் களைந்து ‘சில்லுனு ஒரு காதல்’ ஆயிற்று. சப்தம் ஏறக்குறைய அதுவே. குளிர்தான் சிறிது குறைந்தது.

இவற்றினும் ஊன்றி நோக்கத்தக்கது ‘எம்டன் மகன்’. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிச் சென்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர், நாளடைவில் பிறரை நடுங்கவைக்கும் பேர்வழிக்கு நம் வழக்கில் பட்டமாயிற்று. படத்தில் நாசர் ஏற்ற கண்டிப்பான தகப்பனாரின் குணத்தை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். தொண்ணூறு ஆண்டு வீட்டுப் பேச்சில் புழங்கிய பிறகும் அதற்குத் தமிழுரிமை கிட்டாமற்போகவே, படம் ‘எம் மகன்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. இரண்டே எழுத்துக்களின் இழப்பு என்று எண்ணலாகாது. முன்னது தகப்பனைக் கண்டு பிள்ளையும் ஊரும் கொண்ட அச்சத்தைப் பேசிற்று. பின்னது பெற்றவர் வாஞ்சையோடு பிள்ளையைச் சுட்டுவதாய் அமைந்து, பேசுபவரையே மாற்றிவிட்டது. மொழிக் காப்பென்ற நல்ல உத்தேசத்தில் எழுந்த விதி, மக்கள் தாமே தமிழாக்கிக்கொண்ட ஒரு சொல்லை வெளியேற்றியதை நியாயமென்று என்னால் ஒப்ப இயலவில்லை.

ஷங்கரின் இரு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரசாங்கம் என்னும் இந்தப் புது வாசகரின் கை தெரியும். 1996-இல் தமிழில் ‘இந்தியன்’ என ஆங்கில வழி வந்த பெயரோடு நின்ற படம் தெலுங்கில் ‘பாரதீயுடு’ என்றும் ஹிந்தியில் ‘ஹிந்துஸ்தானி’ என்றும் சுதேச வேடம் பூண்டது. ‘ரோபாட்’ என்று முதலில் வழங்கிய படமோ, 2010-இல் தமிழில் ‘எந்திரன்’ ஆகி, தெலுங்கில் ‘ரோபோ’ என்றும் ஹிந்தியில் ‘ரோபாட்’ என்றும் ஆங்கிலச் சொல்லையே தாங்கிச் சென்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் தமிழ் ரசிகர் ஆங்கிலத்தை மறந்துவிடவில்லை. வரி விலக்கு வந்திருந்தது. 

2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி அமலாகி அவ்விலக்கு பொருளற்றுப்போனதன் பின், ‘மாஸ்டர்’, ‘டாக்டர்’, ‘பீஸ்ட்’, ‘ஜெயிலர்’ என ஆங்கிலப் பெயர்கள் தயக்கமின்றி வந்தன. ஆங்கிலம் எங்கும் செல்லும் ஆகையால் இனிப் பெயர்மாற்றத்துக்கே இடமில்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் ‘மாஸ்டர்’ ஹிந்தியில் ‘விஜய் தி மாஸ்டர்’ ஆயிற்று. தமிழ்ச் சுவரொட்டியில் முகமே சொல்லிவிடும் செய்தியை வடக்கே எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ‘பீஸ்ட்’ அங்கே ‘ரா’ என்றாயிற்று. கதாநாயகன் ‘ரா’ என்னும் உளவு நிறுவனத்தின் முன்னாள் அதிகாரி; அந்நிறுவனத்தின் பெயரோ ஹிந்தி ரசிகருக்குப் பல படங்களின் வாயிலாக ஏற்கெனவே பழகியது.