கூப்பன் அரிசித் தேர்தல்கள்: இலங்கை, 1952 – 1977

1948இல் சுதந்திரம் பெற்றபோது இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியைக் கடல் கடந்தே வாங்கிக்கொண்டிருந்தது. அந்த அரிசிக்கான பணம் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று தோட்டப் பயிர்களிலிருந்து வந்தது. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவை ஈட்டித் தந்தன. தேயிலையின் விலை இலண்டன் ஏலத்திலும், இறப்பரின் விலை சிங்கப்பூரிலும், அரிசியின் விலை பர்மா, சியாம் நாடுகளின் விளைச்சலைப் பொறுத்தும் அமைந்தன. இவற்றில் எதுவும் கொழும்பு அரசின் கையில் இல்லை. ஆனால், கிராமத்துச் சங்கக்கடையில் ஒரு கொத்து (இரண்டு இறாத்தல்) அரிசி எத்தனை சதம் என்பதை மட்டும் அரசுதான் நிர்ணயித்தது. உலகச் சந்தைக்கும் குடும்பத்து உலைக்கும் இடையே கிடந்த அந்தப் பள்ளத்தை அரசு மானியத்தால் நிரப்பியது. நிரப்ப முடியாத ஆண்டுகளில் ஆட்சி ஆட்டம் கண்டது.

பங்கீட்டு முறை போர்க்காலத்தில் பிறந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. குடியேற்ற அரசு ஆளுக்கொரு கூப்பன் புத்தகம் கொடுத்து அரிசியை அளந்து விற்கத் தொடங்கியது. போர் முடிந்த பின்பும் அந்தப் புத்தகம் வீடுகளை விட்டுப் போகவில்லை. ஆசியாவில் மிக முன்னதாகவே, 1931இல், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற நாடு அது. கூப்பன் வைத்திருந்த கை வாக்குச் சீட்டையும் வைத்திருந்தது. 1956 முதல் 1977 வரை நடந்த ஆறு பொதுத் தேர்தல்களிலும் ஆட்சியில் இருந்தவர்கள் தோற்றதை இந்த இணைப்பை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது.

1952 மார்ச்சில் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். மகன் டட்லி சேனநாயக்க பதவியேற்று உடனே தேர்தலுக்குப் போனார். கொரியப் போரால் உயர்ந்திருந்த இறப்பர் விலை அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது. அதே போரால் ஏறிய அரிசி விலையோ இறங்கவில்லை. இருந்தும் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு கொத்து 25 சதம் என்ற விலையைக் காப்பதாகச் சொல்லி மே மாதத் தேர்தலில் 95 இடங்களில் 54ஐ வென்றது. அனுதாபமும் மலிவு அரிசியும் சேர்ந்து தந்த வெற்றி அது.

வெற்றி பெற்றவர்கள் அரிசிக்கு வழி தேடிச் சென்ற இடம் எவரும் எதிர்பாராதது. கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்த அந்த அரசு 1952 டிசம்பரில் பீக்கிங்கில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவது என்பது ஏற்பாடு. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே தரச் சீனா முன்வந்தது. கொரியாவில் சீனப் படைகளோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு இறப்பர் ஒரு போர்ப் பொருள். அதனால் இலங்கை அமெரிக்க உதவியைச் சில ஆண்டுகள் இழந்தது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க இந்த ஒப்பந்தத்துக்காக உறுதியாக நின்றார். சித்தாந்தத்தை அடுப்படி வென்ற முதல் சந்தர்ப்பம் இது எனலாம். அன்றைய இலங்கை எடுத்த வெளியுறவு முடிவுகளில் இதுவே மிகத் துணிவானது.

ஒப்பந்தம் அரிசியைத் தந்தது, மானியச் சுமையைக் குறைக்கவில்லை. செலாவணிக் கையிருப்பு கரைந்தது. நாட்டை ஆராய வந்த உலக வங்கித் தூதுக்குழுவும் மானியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தது. 1953 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபால், ரயில் கட்டணங்கள் ஏறின. தேர்தல் முடிந்து பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன.

ஆகஸ்ட் 12 அன்று லங்கா சமசமாஜக் கட்சியும் பிற இடதுசாரிகளும் அழைத்த ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது. மேற்கு, தென்மேற்குக் கரையோரங்களில் மக்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தனர், மரங்களை வெட்டிச் சாலைகளை மறித்தனர். தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அவசரகால நிலை பிரகடனமானது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சுதந்திர நாடொன்றின் அமைச்சர்கள் தம் மக்களுக்கு அஞ்சி அந்நியக் கப்பலில் அமர்ந்த செய்தி, அரிசி விலையையும் நாட்டில் இருந்த அந்நியப் படைத் தளங்களையும் மக்கள் மனதில் ஒரே முடிச்சாகக் கட்டியது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவல விலையைக் குறைத்தார்.

கொத்தலாவலவின் ஆட்சிக்குப் பொருளாதாரம் கைகொடுத்தது. 1954, 1955இல் தேயிலை நல்ல விலைக்குப் போனது, கையிருப்பு நிறைந்தது. அவருடைய பலவீனம் வெளியுறவில் இருந்தது. 1947இல் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாட்டின்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியர் கையில் இருந்தன. 1954இல் இந்தோசீனப் போருக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் தரித்துச் செல்ல அவர் அனுமதித்தார். 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில் சோவியத் ஆதிக்கத்தைக் கண்டித்துப் பேசி நேருவின் அதிருப்தியைச் சம்பாதித்தார். மேற்கு நாடுகளின் பிள்ளை என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

1956 ஏப்ரல் தேர்தலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி இந்த வெறுப்பை அறுவடை செய்தது. தளங்களை மீட்பது, எந்த அணியிலும் சேராதிருப்பது ஆகியவை அதன் வாக்குறுதிகள். அவற்றைவிட உரக்க ஒலித்தது, இருபத்துநான்கு மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என்ற முழக்கம். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டை நாடு கொண்டாடவிருந்த வேளை அது. பிக்குகள் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டனர். முன்னணி 51 இடங்களைப் பிடித்தது, ஐக்கிய தேசியக் கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. 1957 அக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயக்காவும் இலங்கையிடம் வந்தன. அதே ஆண்டு சீனாவோடும் சோவியத் ஒன்றியத்தோடும் தூதரக உறவு தொடங்கியது.

தமிழர்களுக்கு அந்தத் தேர்தல் வேறொரு திருப்பமாக அமைந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அரிசிக்காகச் சிங்களத் தொழிலாளரோடு நின்ற வடக்கு, கிழக்கு வாக்காளர்கள் இப்போது தமிழரசுக் கட்சிக்குப் பத்து இடங்களைத் தந்தனர். 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய பின் அவர்களுடைய வாக்கு மொழியையும் நிலத்தையும் சுற்றியே விழுந்தது. பசி ஒன்றாக இருந்தும் வாக்கு இரண்டாகப் பிரிந்தது இலங்கை அரசியலின் பெருந்துயரம்.

அரிசியை விலைக்கு வாங்கிய செலாவணியை உழைத்துத் தந்தவர்களோ இந்தத் தேர்தல்கள் எதிலும் பெரும்பாலும் இல்லை. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் 1947இல் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் வாக்கைப் பறித்தன. அதன்பின் அவர்கள் இரு அரசுகளின் பேச்சுவார்த்தைக்குரிய தொகையாக ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் நிலை 1974 வரை தொங்கிக்கொண்டிருந்தது. உடன்பாட்டின் எந்தக் கட்டத்திலும் அந்த மக்களின் விருப்பத்தை யாரும் வாக்கெடுத்துக் கேட்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1962இல் சிறிமாவோ அரசின் நிதி அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முயன்று, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் பதவியையே இழந்தார். அதே காலத்தில் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. இழப்பீட்டுத் தகராறு முற்றி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் வெட்டப்பட்டன. 1965 மார்ச்சில் டட்லி மீண்டும் வந்தார். இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது, அமெரிக்க உதவி திரும்பியது.

1953ஐ மறக்காத டட்லி இம்முறை வேறு வழியை நாடினார். 1966 டிசம்பரில் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீடு ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒரு கொத்து, அதாவது இரண்டு இறாத்தல், இலவசம். தெருக் கலவரம் எதுவும் எழவில்லை. நெல் விளைச்சலைப் பெருக்க அரசு பெருமுயற்சி எடுத்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் 1967 நவம்பரில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் மற்றப் பொருள்களின் விலை ஏறியது. வெட்டப்பட்ட இரண்டாவது கொத்து எதிர்க்கட்சிகளின் ஆயுதமானது. மனிதன் நிலவில் கால் வைத்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், சந்திரனுக்குப் போயாவது அந்த அரிசியைக் கொண்டு வருவோம் என்ற மேடைப் பேச்சு ஊரெங்கும் பரவியது. பாட்டாளி வீட்டில் அது வெறும் மேடைப் பேச்சாகக் கேட்கவில்லை. பிள்ளைகள் பலர் இருந்த குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு இறாத்தல் என்பது வாரத்தில் எத்தனை நாள் அடுப்பெரியும் என்பதைத் தீர்மானித்தது.

1970 மே தேர்தலில் சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் ஐக்கிய முன்னணி 151 இடங்களில் 116ஐ வென்றது. தனிக் கட்சியாகக் கணக்கிட்டால் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் சுதந்திரக் கட்சியின் வாக்குகளைவிட அதிகம், ஆனாலும் அதற்குக் கிடைத்தவை 17 இடங்கள். முன்னணியின் அறிக்கையில் அரிசிக்குப் பக்கத்திலேயே வெளியுறவு வாக்குறுதிகளும் இருந்தன. பதவிக்கு வந்ததும் கிழக்கு ஜெர்மனி, வட கொரியா, வட வியட்நாம் ஆகியவற்றோடு தூதரக உறவு ஏற்பட்டது, இஸ்ரேலோடு இருந்த உறவு நிறுத்தப்பட்டது. இரண்டாவது கொத்தும் வந்தது, ஆனால் இலவசமாக அல்ல, 75 சதத்துக்கு.

பின்னர் உலகச் சந்தை அந்த அரசைக் கைவிட்டது. 1973இல் தானிய விலைகள் ஏறின, ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பல மடங்கானது, தேயிலை விலை அந்த அளவுக்கு உயரவில்லை. பங்கீடு சுருங்கியது. உணவகங்களில் வாரத்தில் இரு நாட்கள் சோறு பரிமாறத் தடை வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு செல்வதைத் தடுக்கச் சாலைகளில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்ற நினைவு அந்தத் தலைமுறையை விட்டு அகலவில்லை. மலையகத்தில் நிலைமை இன்னும் கொடியது. தோட்டங்களில் மாவும் அரிசியும் குறைந்து, பட்டினியால் மக்கள் மடிந்தனர். நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான இடங்கள் சிலவற்றிலிருந்து குடும்பங்கள் துரத்தப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் மட்டும் காட்சி மாறியிருந்தது. மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் வடக்கின் தோட்டக்காரர் கையில் முன்பு காணாத பணம் புழங்கியது. அந்தப் பணம் அரசுக்கு வாக்காக மாறவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த 1972 அரசியலமைப்பும் ஏற்படுத்திய காயத்தை வெங்காய விலை ஆற்றவில்லை. 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

வெளியுறவில் சிறிமாவோ அக்காலத்தில் உச்சியில் இருந்தார். 1974இல் இந்திரா காந்தியோடு செய்த உடன்பாட்டால் கச்சத்தீவு இலங்கைக்கு வந்தது. சீனா கட்டித் தந்த பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கூடியது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. வெளியுறவுப் பெருமை வாக்குகளைத் தரும் என்றால் அடுத்த ஆண்டு அவர் வென்றிருக்க வேண்டும். 1956இல் வெளியுறவு வாக்குகளைத் தந்தது உண்மைதான். அப்போது திருகோணமலையில் நின்ற கப்பல்கள் மக்களின் தன்மானத்தைத் தொட்டன, அரிசியும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. 1976இல் மாநாட்டு விளக்குகள் எரிந்த நகரத்திலேயே பாண் வரிசைகளின் நினைவு பசுமையாக இருந்தது.

1977 ஜூலையில் ஜயவர்தன வாரத்துக்கு எட்டு இறாத்தல் தானியம் தருவதாகச் சொல்லித் தேர்தலில் நின்றார். கொத்தின் விலையை உயர்த்தி ஹர்த்தாலுக்கு வழிவகுத்தவரே தானியத்தை வாக்குறுதியாக்கி வந்தார். ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐ வென்றது, சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நுவரெலியா – மஸ்கெலியாவில் சௌ. தொண்டமான் வென்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் தோட்டத் தொழிலாளரின் குரலை வாக்கின் வழியே நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்.

நவம்பரில் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டன, ரூபாயின் மதிப்பு டொலருக்கு 16 என்ற அளவுக்கு இறங்கியது. பன்னாட்டு நாணய நிதியமும் மேற்கு நாடுகளும் பெருமளவில் உதவின. கடைகளில் பொருள் நிறைந்தது. எட்டு இறாத்தல் வரவில்லை. 1978இல் பங்கீடு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979 செப்டெம்பரில் அதற்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. முத்திரையில் பொறித்த ரூபாய் மாறாமல் நிற்க, விலைவாசி ஏற ஏற அதனால் வாங்கக்கூடிய அரிசி தேய்ந்துகொண்டே போனது. 1982 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜயவர்தன, டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. அப்போது நாடு வடக்கிலும் தெற்கிலும் போரில் இருந்தது.