இசைத்தட்டுக் கம்பெனி காட்டிய கடல்வழி

இன்று கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும், கடலில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில், வட கடலின் மூடுபனிக்குள் மீன் பிடித்தவர்கள் எப்படி வீடு திரும்பினார்கள்? பலருக்கு வழிகாட்டியது பிரிட்டனின் 'டெக்கா'. ஆமாம், கிராமபோன் இசைத்தட்டு போட்ட அதே டெக்காதான்!

யோசனை வில்லியம் ஓ'பிரையன் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. முதல் பெரிய வேலையே போரில். 1944 ஜூன் 5 இரவு, நார்மண்டிக்குப் போகும் படைக்கப்பல்களுக்காகக் கடல் கண்ணிகளை அகற்றிப் பாதை போட வேண்டும். இருட்டில் பாதை விலகினால் பின்னால் வருபவர்களின் கதி? கண்ணி அகற்றும் கப்பல்கள் டெக்கா கருவியை நம்பித்தான் முன்னே போயின.

விஷயம் மாயமில்லை. கரையில் ஒரு தலைமை நிலையம், சுற்றிலும் சிவப்பு, பச்சை, ஊதா என்று பெயரிட்ட மூன்று துணை நிலையங்கள். தலைமை அலைக்கும் துணை அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை, கடிகாரம் போன்ற முகப்பில் ஒரு முள் காட்டும். அந்த எண்ணுக்குரிய வளைகோட்டை வரைபடத்தில் தேட வேண்டும். இன்னொரு நிறக் கோடு அதை வெட்டும் இடத்தில்தான் படகு.

தொல்லையும் உண்டு. இரவில் வானிலிருந்து பிரதிபலித்து வரும் அலை கணக்கைக் குழப்பும். கருவியின் எண்ணிக்கை ஒன்று தவறினால், படகு பக்கத்துக் கோட்டில் இருப்பதாகக் காட்டும். பாறைக்கருகே அது சின்னத் தவறா என்ன?

ஆனாலும் மீனவர்களுக்கு அது பிடித்திருந்தது. அதே இடத்துக்கு மறுபடி போகலாமே! மீன் கிடைத்த இடம், வலையைக் கிழித்த மூழ்கிய கப்பல், எல்லாம் டெக்கா எண்களாக நோட்டில் ஏறின.

காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். டெக்கா கருவியை விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. அந்த வாடகையில்தான் கரை நிலையங்கள் ஓடின. அலையோ காற்றில் இலவசம்! 1980களில் டென்மார்க் கம்பெனி ஒன்று அதே அலையைப் பிடிக்கும் கருவியைச் செய்து விற்கத் தொடங்கியது. சண்டை மூண்டது. போட்டிச் சட்டத்தை டெக்கா தரப்பு மீறியது என்று 1988 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்தது.

பிறகு ஜி.பி.எஸ். வந்தது. 2000 மார்ச்சோடு பிரிட்டிஷ் நிலையங்கள் மூடப்பட்டன. நோட்டில் இருந்த எண்களை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி எழுதாதவர்களுக்கு, வருடக்கணக்காகச் சேர்த்த இடங்கள் வெறும் எண்களாகிப் போயின.