செமாய் பிள்ளைக்கு முதல் எழுத்து எந்த மொழியில்?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது ரோட்டோரம் பெத்தாய், மூங்கில் விற்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அவங்களில் பலர் செமாய் மக்கள். மலேசியத் தீபகற்பத்தின் 18 ஓராங் அஸ்லி இனங்களில் பெரியது இதுதான். சுங்கை சிப்புட், கிரிக் பக்கம் உள்ளே போனால் தெமியார் மக்கள்.

இவங்க பேசுவது மலாய் இல்லை. செமாயும் தெமியாரும் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்து மொழிகள். கம்போடியாவின் கெமர், இந்தியாவின் சந்தாலி எல்லாம் தூரத்துச் சொந்தம்.

ஏழு வயசில் பள்ளிக்கு வரும் செமாய் பிள்ளை வெறும் கையோடு வருவதில்லை. ராத்திரி பெரியவங்க சொல்லும் கதைகளைக் கேட்டே வளர்ந்திருக்கும். மிருகத்தைக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும் என்ற நம்பிக்கையும் அதுக்குத் தெரியும். எது முதலில் நடந்தது, அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கவும் பழகியிருக்கும். வாசிப்புக்கு அதுதானே அடிப்படை!

இன்னொன்று, ஒலி. மழை 'சடசட', இலை 'சலசல' என்று நமக்கு இரட்டைக்கிளவி இருக்கு இல்லையா? செமாயில் அந்த மாதிரிச் சொற்கள் ஏராளம். சத்தத்துக்கு மட்டுமில்லை, தோற்றம், மணம், அசைவு எல்லாத்துக்கும் உண்டு. மொழியியலாளர் ஜெரார் டிஃப்லோத் 1970-களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். இதைக் கேட்டு வளரும் காது, ஒலிகளைப் பிரித்தறியப் பழகிய காது.

ஆனால் வகுப்பில் முதல் எழுத்தே மலாயில். எழுத்துக்கூட்டி 'வாசிக்க' முடியும். வாசித்த சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. நம்ம தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளை நினைச்சுப் பாருங்க. 1923 தொழிலாளர் சட்டப்படி தோட்ட நிர்வாகங்கள் நடத்த வேண்டியிருந்த பள்ளிகள் அவை. குறைகள் நிறைய, சந்தேகமே இல்லை. இருந்தாலும் லயத்தில் பாட்டி கதை சொன்ன மொழியிலேயே பிள்ளை 'அ' எழுதியது.

1996 கல்விச் சட்டம் என்ன சொல்கிறது? தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வேண்டும். பூர்வகுடி மொழிக்கும் அதே 15. கூடவே 'நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும்' இருக்கணும் என்ற நிபந்தனை. பேராக், பகாங் மாநிலங்களில் சில பள்ளிகளில் செமாய் ஒரு பாடமாக வந்திருக்கு. ஆனால் பயிற்று மொழி மலாய்தான். எழுதுவதிலும் சிக்கல்: குறில் நெடில், மூக்கொலி உயிர்கள், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும் பேச்சு.

தூரம் இன்னொரு பிரச்சினை. உள்காட்டுப் பிள்ளைகள் பலர் விடுதியில் தங்கணும். ராத்திரிக் கதை அதோடு நின்றுவிடும். 2015-இல் கிளந்தான், போஸ் தோஹோய் விடுதியிலிருந்து ஏழு பிள்ளைகள் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினாங்க. 40 நாளுக்கு மேல் கழித்துத்தான் இரண்டு பேர் உயிரோடு கிடைத்தாங்க.

வானொலி 1959 முதலே இந்த மக்களுக்கு ஒலிபரப்புகிறது. இன்று அது ஆஷிக் எஃப்எம். பேராக்கைச் சேர்ந்த செமாய் எழுத்தாளர் அகியா, அடிமை பிடிக்க வந்தவர்களைப் பற்றிய பழங்கதைகளை வைத்து 'பெராங் சங்கில்' நாவலை 2007-இல் எழுதினார். ஆனால் அதுவும் மலாயில்.

நியூசிலாந்தில் மாவோரி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர், பிள்ளைகள் தாங்களே சொன்ன சொற்களை எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தார்; 1963-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். பேராக்கில் இதைச் செய்ய முதல் தேவை, செமாய் பேசும் ஒருவர் வகுப்பில் இருப்பது. அச்சுப் புத்தகம் அப்புறம் வரலாம்.