இடிபாடுகளில் ஆளைத் தேடிய நாய்கள்: தொண்டர்களின் கதை



சுனாமிக்குப் பிறகு, ஜனாஸாவாவது கிடைக்காதா என்று ஏங்கிய வீடுகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். காணாமற்போன ஒருவரைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம். அந்த வேலையில் மனிதனுக்குத் துணை நின்ற ஒரு பிராணியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1940 செப்டெம்பர் 7இல் ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது பெருந்தாக்குதலைத் தொடங்கின. தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. கிழக்கு லண்டனில் பொப்லர் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில், வீடிழந்து திரிந்த ஒரு கலப்பின நாய்க்கு விமானத் தாக்குதல் காவலர் ஒருவர் மிச்ச உணவைப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தார். அது போகவில்லை. அதற்கு ரிப் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் காவலர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் தொழில், இரவில் காவல். ரிப்புக்கும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனாலும் இடிபாடுகளை மோப்பம் பிடித்து, ஒரே வருடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் புதையுண்ட இடங்களை அது காட்டிக்கொடுத்தது. 1945இல் பிராணிகளின் வீரத்துக்கான டிக்கின் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

தெருநாய்க்கே இது முடியுமென்றால், பழக்கிய நாய்க்கு? யுத்தத்தின் கடைசிக் காலத்தில் மார்கரெட் கிரிபின் என்ற பெண்மணி, இர்மா, சைக்கி என்ற இரண்டு நாய்களோடு தேடுதலில் இறங்கினார். ஓரிடத்தை விட்டு இர்மா இரண்டு நாட்கள் நகர மறுத்தது. கடைசியில் அங்கிருந்து இரண்டு சிறுமிகள் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இரண்டு நாய்களும் கண்டுபிடித்தவர்கள் மொத்தம் 233 பேர். உயிரோடு இருந்தவர்கள் 21 பேர் மட்டுமே. மற்ற 212 பேரும் உடல்களாகத்தான் கிடைத்தார்கள். அதை வீண் உழைப்பு என்று நாம் சொல்லமாட்டோம். காத்திருந்த வீட்டாருக்கு அடக்கம் செய்ய ஓர் உடல் கிடைத்தது.

யுத்தம் முடிந்த பின் இந்த வேலை மலைக்குப் போனது. 1965இல் ஸ்கொட்லாந்தின் கிளென்கோவில் ஹமிஷ் மெக்கின்னஸ் என்ற மலையேறி, சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு நாய்களைப் பார்த்துக் கற்றதைக் கொண்டு தேடுதல் நாய்ச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இன்றும் அங்கு வேலை செய்பவர்கள் தொண்டர்களே. நாயும் அவர்களுடைய வீட்டு நாய்தான்.

நாய் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம் உடலிலிருந்து தோல் துகள்கள் எந்நேரமும் உதிர்கின்றன. அவற்றின் வாடையைக் காற்று சுமந்து செல்கிறது. ஆளுக்கு அருகில் அது ஒடுங்கியிருக்கும், தூரம் போகப்போக விரியும். ஆகவே பயிற்றுநர் காற்று வந்துசேரும் பக்கத்தில் நின்று, காற்றை எதிர்த்து நாயைக் குறுக்கும் நெடுக்கும் ஓடவிடுவார். வாடை பிடித்ததும் நாய் ஆளிடம் ஓடும். பின் பயிற்றுநரிடம் திரும்பி வந்து குரைக்கும். மறுபடியும் ஆளிடம் அழைத்துப் போகும். கண்ணுக்கு வேலையில்லாததால் இருட்டிலும் இது நடக்கும்.

ஒரு நாயைப் பழக்க ஏறக்குறைய இரண்டு வருடங்கள் எடுக்கும். அதற்காகக் குளிரிலும் மழையிலும் மணிக்கணக்காகப் புதருக்குள் ஒளிந்து கிடக்கவும் தொண்டர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பதக்கம் இல்லை. தேடப்படுபவராக நடிப்பதுதான் அவர்களுடைய சேவை.

நாய் என்றதும் நமக்குள் ஒரு தயக்கம் வரும். சுத்தம் பற்றிய சட்டம் அதன் இடத்தில் இருக்கட்டும். பழக்கிய நாயை வேட்டைக்குப் பயன்படுத்த மார்க்கம் அனுமதித்திருக்கிறது. குகைவாசிகளோடு இருந்த நாயைக் குர்ஆனும் குறிப்பிடுகிறது. உயிர் காக்கும் வேலையில் அதன் பங்கை மதிப்பதற்கு நமக்குத் தடையென்ன?

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடமும் உண்டு. ஒருவர் காணாமற்போனால் முதலில் நாம் செய்வது, கடைசியாக அவர் நின்ற இடத்தில் கூட்டம் கூடுவது. அதைத் தவிர்ப்போம். அந்த இடத்தை மிதிக்காமல் விடுவோம். அவர் உடுத்திய, கழுவாத உடுப்பொன்றைப் பலர் கை படாமல் சுத்தமான பையில் எடுத்து வைப்போம். நாயோடு தேட வருபவர்களுக்கு அது பெரிய உதவி.

நம் ஊர் இளைஞர்கள் ஆபத்தென்றால் ஓடிவரக்கூடியவர்கள். ஓடிவருவதற்கு முன்பே பயின்றிருப்பதும் தொண்டுதான் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.