அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்?



சில ஆண்டுகளுக்கு முன் என் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அவன் காதில் மாட்டியிருப்பது என்ன?" என்று கேட்டாள். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, உட்கார்" என்றேன். உடனே அச்சிறுவன் தன் செவித்துணைக் கருவியைக் கையால் மூடிக்கொண்டான். அது மறைக்கப்பட வேண்டியது என்று அவனுக்குக் கற்பித்தவள் நானே.

மறுநாள் அவன் தாயார் வந்தார். "டீச்சர், அவனுக்கே அதைப் பற்றிச் சொல்லத் தெரியும். அவனைக் கேட்டிருக்கலாமே" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது.

விடை சொல்ல வேண்டியவர் யார் என்னும் இவ்வினாவுக்கு நம் சிங்கப்பூரிலேயே ஒரு வரலாறு உண்டு.

1954ஆம் ஆண்டில் இங்குக் காது கேளாத சிறுவர்களுக்குச் சைகைமொழிப் பள்ளியொன்றைத் தொடங்கிய பெங் சூ யிங், தாமே காது கேளாதவர். 1956இல் பார்வையற்றோர் பள்ளி தோன்றியது. இவை அரும்பணி ஆற்றின. எனினும் அவை தனிக் கூரைகள். ஏனைய பள்ளிகளில் பயின்ற நம்மில் பலருக்கு உடற்குறையுள்ள வகுப்புத் தோழர் ஒருவர்கூட வாய்க்கவில்லை. 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு விலக்கு அளித்தது. 2019இல்தான் அது அவர்களுக்கும் விரிவடைந்தது. சிறுவயதில் இக்கேள்வியைக் கேட்டுப் பழகாத நாம், பெரியவர்களானதும் கேட்பவரின் வாயை அடைக்கிறோம்.

பள்ளிக்கதவு திறப்பது ஒன்று; தம்மைப் பற்றித் தாமே பேசும் உரிமை மற்றொன்று. 1980இல் கனடாவின் வின்னிப்பெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு கூடியது. முடிவெடுக்கும் இடங்களில் உடற்குறையுள்ளோருக்குச் சம பங்கு வேண்டும் என்ற கோரிக்கை அங்கு நிராகரிக்கப்பட்டது. மனம் நொந்தவர்கள் தமக்கெனத் தனி அமைப்புக் காண முடிவு செய்தனர். அவ்வமைப்பின் முதல் உலக மாநாடு 1981இல் கூடிய இடம் நம் சிங்கப்பூர்! அதன் முதல் தலைவர் ரான் சந்திரன் டட்லி, இளமையில் பார்வையை இழந்த சிங்கப்பூரர். 1986இல் இங்கு உடற்குறையுள்ளோர் சங்கம் உருவாகவும் அவர் முன்னின்றார். மருத்துவரும் ஆசிரியரும் உறவினரும் எவ்வளவு அன்புடையவராயினும், தமக்காகத் தாமே பேச வேண்டும் என்பதே அவர்கள் நிலைநாட்டிய கருத்து.

அதைச் சிறிய வகுப்பறையிலும் பின்பற்றலாம். ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரையும் பிள்ளையையும் அமர்த்திப் பேசி, மூன்றைத் தெரிந்துகொள்கிறேன்: எதைச் சொல்லலாம்? எதைச் சொல்லக்கூடாது? யார் சொல்வது? பிள்ளை விரும்பினால் அவனே சொல்வான். விரும்பாவிட்டால் அவன் இசைந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சொல்வேன். நோயின் பெயரும் சிகிச்சை விவரமும் குடும்பத்திற்கு உரியவை. கேலியைக் கண்டிக்கிறேன், கேள்வியைக் கண்டிப்பதில்லை.

பெற்றோர்களே, தேக்கா சந்தையிலோ ரயிலிலோ சக்கர நாற்காலியைக் கண்டு உங்கள் பிள்ளை கேள்வி கேட்டால், கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். "அவருக்கு நடமாட அது உதவுகிறது" என்ற எளிய விடை போதும்.

அச்சிறுவன் பின்னொரு நாள் வகுப்பின் முன் நின்று, தன் கருவியில் மின்கலம் மாற்றுவதைச் செய்து காட்டினான். கேள்வி கேட்ட சிறுமி முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். அன்று அவன் கை காதை மூடவில்லை.