துருவின் நிறம்

அஞ்செட்டியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பு அழைத்தார். பாட்டனார் காலத்து ரைஃபிள் ஒன்று வீட்டில் பழுப்பேறிக் கிடக்கிறதென்றும், அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே அதைப் புதுப்பிக்க வழியுண்டா என்றும் கேட்டார். பழம்பொருட்களைப் பற்றி அவ்வப்போது எழுதி வைப்பதால் எனக்கு வந்த வினை இது. தேன்கனிக்கோட்டை வழியாகப் பேருந்து பிடித்துப் போனேன்.

போய்ப் பார்த்தால் அது ரைஃபிளே அன்று. குழலின் உட்சுவரில் திருகுவரிகள் வெட்டப்பட்டிருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். இதுவோ வழவழப்பான குழல்கொண்டு, வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. உரிமப் புத்தகத்தில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று நான்கு எழுத்துகளில் அடங்கிவிடும் இனம். பயிர்க்காவலுக்கென்று பாட்டனார் பெற்ற உரிமம், முறைப்படி மாற்றப்பட்டு இப்போது நண்பரின் தந்தையார் பெயரில் இருக்கிறது. பயிர்க்காவலுக்கு வேண்டப்படும் வாய்க்கெட்டித் துப்பாக்கியை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனியே பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கேழ்வரகுக் கொல்லையின் வரப்பு முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாசகம்போல் எனக்கு அது படும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது இந்தப் பக்கத்துக் காடுதான்.

நண்பர் ஒசூரில் ஓர் உதிரிபாகப் பட்டறையில் வேலை செய்பவர். அவரிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. முதலாவது, உப்புத்தாளால் குழலைத் தேய்த்து வெள்ளிபோல் ஆக்குவது. இரண்டாவது, தேய்த்தபின் பட்டறையில் போல்ட்டுகளையும் பல்சக்கரங்களையும் கறுப்பாக்கும் தொட்டியில் அதையும் ஒருமுறை முக்கி எடுத்துவிடுவது. அரைமணி நேர வேலை, டீச் செலவோடு போய்விடும் என்றார்.

முதல் திட்டத்துக்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்வரலாறு உண்டு. 1791 ஜூலையில் காரன்வாலிஸின் படைகள் திப்புவிடமிருந்து ஒசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றின. கம்பெனிச் சிப்பாய்களின் தோளில் இருந்தவை பிரௌன் பெஸ் என்று செல்லப்பெயர் பெற்ற வகைத் துப்பாக்கிகள். பெயரில் பழுப்பு இருந்தாலும், அந்தக் காலத்தில் தரைப்படைத் துப்பாக்கிகளின் குழல்கள் பெரும்பாலும் கண்ணாடிபோல் பளபளப்பாகவே வைக்கப்பட்டன. செங்கல் தூளும் எண்ணெயும் கொண்டு அவற்றை நாளும் தேய்ப்பது சிப்பாயின் கடமை. அணிவகுப்பில் மின்னும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் இரும்பைக் கொஞ்சம் தின்னும். வெயிலில் அந்த மினுக்கம் எதிரிக்கு இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ் ராணுவம் குழல்களைப் பழுப்பாக்கும் முறைக்கு மாறியது.

பழுப்பாக்குவது என்றால் என்ன? வேறொன்றுமில்லை, துருப்பிடிக்க வைப்பதுதான். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய குழலில் மயில்துத்தம் போன்ற உப்புகளும் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, ஈரக்காற்றில் வைப்பார்கள். மெல்லிய செந்துரு படரும். உதிரும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மீண்டும் பூசுவார்கள். சில நாட்களில் ஒட்டிப் பிடித்த பழுப்புப் படலம் ஒன்று நின்றுவிடும். அதன்மேல் எண்ணெயோ மெழுகோ இட்டால் வேலை முடிந்தது. அதே துருவைக் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாக, அதாவது காந்த இரும்பு ஆக்சைடாக, மாறும். அதுவே நீலக்கறுப்பு மெருகு. ஒசூர்த் தொட்டியின் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் ஏறக்குறைய 140 டிகிரி வெப்பத்தில் செய்வதும் இதே மாற்றத்தைத்தான், அவசரமாக. நம் வீட்டுத் தோசைக்கல்லின் கறுப்பு வேறு வகை; அது எண்ணெய் காய்ந்து இறுகியது. ஆனால் கல்லைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்ட மருமகளிடம் மாமியார் ஏன் சண்டைக்குப் போகிறார் என்பதைப் புரிந்துகொண்டவருக்கு இதுவும் புரியும்.

ஆகவே நண்பர் அழுக்கு என்று நினைத்த பழுப்பில் ஒரு பகுதியாவது யாரோ நாள்கணக்கில் பூசி வளர்த்த மெருகாக இருக்கலாம். மருந்துக் கறையால் அரித்த குழிகளும் இருந்தன. கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பது. சுட்ட அன்றே வெந்நீரால் கழுவாவிட்டால் எண்ணெய் பூசியும் பயனில்லை. கொட்டும் மழையில் கொல்லைக் காவலுக்குப் போய் வந்தவர் வெந்நீர் வைக்க மறந்த இரவுகள் அந்தக் குழிகள்.

தொட்டித் திட்டத்தை நான் உடனே மறுத்தேன். காஸ்டிக் சோடா குழலின் அடிமூடித் திருகுக்குள் தங்கிவிட்டால் வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே இருக்கும். அதோடு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே சட்டப்படி தனி உரிமம் வேண்டும். பட்டறைக்கு எடுத்துப் போனால் முதலாளியும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

உப்புத்தாளைப் பற்றித்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. குழலின் அடிப்பகுதியில், கட்டையோடு சேரும் இடத்தில், எண் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. பாதி தேய்ந்து, சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. இரண்டு முறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அடையாள எண்ணை அழிப்பதைத் தடை செய்கிறது. அழிந்த எண்ணோடு துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவரே அழித்தார் என்று கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்கும் பாரம் அவருடையது. தந்தையார் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற சீட்டுகள். எல்லாவற்றிலும் அதே எண்.

இந்தப் பகுதியில் அது சிறு விஷயமில்லை. ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளைத் தன் நூல்களில் எழுதிய கென்னத் ஆண்டர்சன் கள்ள வேட்டைக்காரர்களின் நாட்டுத் துப்பாக்கியைத் திரும்பத் திரும்பச் சபிக்கிறார். சாகடிக்காமல் காயப்படுத்திய விலங்குதான் ஆட்கொல்லியாகிறது என்பது அவர் கட்சி. (அவரே வின்செஸ்டர் .405-ஐத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் என்பது வேறு கதை.) 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே முடிந்துபோனது. ஆனால் உரிமமற்ற துப்பாக்கிகள் முடியவில்லை. அவற்றைத் தாமாக ஒப்படைக்கும்படி வனத்துறையும் காவல்துறையும் இந்தக் கிராமங்களில் அண்மை ஆண்டுகளிலும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் குவியலில் உள்ளவற்றுக்கும் இந்த வீட்டுத் துப்பாக்கிக்கும் பார்வைக்கு வேறுபாடு கிடையாது, எண் ஒன்றைத் தவிர.

செலவு கடைசியில் நூறு ரூபாயைத் தொடவில்லை. பழைய வேட்டித் துணி, கொஞ்சம் மெஷின் எண்ணெய், கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். குழலில் தளர்ந்திருந்த துருவை மட்டும் எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்தோம். கட்டையில் கன்னம் பதியும் இடம் மட்டும் கறுத்து வழுவழுப்பாக இருந்தது. அதைத் துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் தந்தையார். "அது எங்கப்பா கன்னம் தம்பி."

பூஜையன்று நண்பர் படம் அனுப்பியிருந்தார். அரிவாள், கலப்பைக் கொழு, ஸ்பேனர் செட், மோட்டார் சைக்கிள் சாவி, நடுவில் பழுப்பாகவே துப்பாக்கி. வழக்கமாகக் குழலில் வைக்கும் சந்தனப் பொட்டை இம்முறை கட்டையில் வைத்திருந்தார்கள். ஈரச் சந்தனம் இரும்பில் துரு பிடிக்க வைக்கும் என்று நான் சொன்னது நினைவிருந்திருக்கிறது.